ஞானி முகர்ந்த தலையணை

காலை பத்து மணிக்கே வரிசை சைக்கிள் கடையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு தலையணை. ஊரே படுக்கப் போகிறதோ என்று பயந்துவிடாதீர்கள். தெருக்கோடி வீட்டு மாடியில் 'தலையணை ஞானி' உட்கார்ந்திருக்கிறார். வலிப்பு உள்ளவர்களின் தலையணையை ஒரு முறை முகர்வார். எந்தப் பேய், எத்தனை மணிக்கு, எந்தக் காது வழியாக நுழைந்தது என்று புட்டுப் புட்டு வைப்பார். பேய் தூங்கும்போதுதான் நுழையுமாம். ஆகவே தூங்காதே! மாத்திரை பேய்க்குத் தீனியாம். ஆகவே விழுங்காதே! உண்டியலுக்கு மட்டும் அவர் எந்தத் தடையும் போடவில்லை.

வரிசையில் தண்ணீர் கொடுக்கும் அம்மாள், "யாருக்கும்மா? எப்போ வருது?" என்று உருகி உருகி விசாரிப்பாள். பிறகு மாடிக்குப் போவாள். உடனே ஞானிக்கு ஞானம் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அதே தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவனுக்கு மூன்று வகை மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு. தூக்கம் கெட்டால் அது கூடும், படுக்கும் நேரம், எழும் நேரம், வலிப்பு வந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி எழுதிக்கொண்டுதான் இருந்தாள், ஞானி வரும்வரை. இப்போது நான்கு நாட்களாக மாத்திரையையும் நிறுத்திவிட்டு, கணவன் கண் அயர்ந்தால் முகத்தில் தண்ணீர் அடிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு முறை வந்த வலிப்பு நேற்று ஒரே நாளில் மூன்று முறை வந்தது.

"பேய் கிளம்பறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஆடுமாம், அண்ணி," என்றாள் கணவனின் அக்காவிடம். அக்கா சலவைக்கடை வைத்திருப்பவள்.

"குறைஞ்சாலும் அவர் பெருமை, கூடினாலும் அவர் பெருமையா? நல்லா இருக்கே!"

"கிண்டல் பண்ணாதீங்க. இத்தனை வருஷம் அலைஞ்சு என்ன கண்டோம்? இவர் ஒரு மாசமாவது நல்லா இருந்து பாக்கணும் அண்ணி." குரல் உடைந்தது.

அக்காவின் கோபம் போய்விட்டது. தம்பி சுவரில் சாய்ந்து, கண் சொருகிக் கிடந்தான். இன்னும் ஒரு இரவை அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"வா, நானும் ஒரு தலையணையோட வரேன். சரியாச் சொல்லிட்டார்னா நானே உன்கூட உக்காந்து இவனை முழிக்க வைக்கிறேன். தப்பாச் சொன்னா, இவனைத் தூங்க விடணும். சம்மதமா?"

"சம்மதம்."

வரிசையில் தண்ணீர் அம்மாள் உருகினாள். "ஆம்பளை. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தூக்கத்துல வருது," என்று அக்காவும் உருகினாள்.

ஞானி முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"சீச்சீ! மத்தியானம் ரெண்டு மணி! இடது காது வழியா ஏழு பேய் இறங்கியிருக்கு! இதுல படுக்கிறவன் மகா பாவி. பத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் கூடாது!"

"நிச்சயமாவா ஐயா?"

"என் மூக்கு பொய் சொல்லாது!"

அக்கா புது உறையை உருவினாள். உள்ளே அழுக்கு உறை. நடுவில் தலைச்சாயக் கறை, மூலையில் சிவப்பு நூலில் பதினேழு.

"எங்க கடையில ஆளுக்கொரு நம்பர். நேத்து இதை வெளுக்கப் போட்டது தண்ணி குடுக்கிற இந்தம்மாதான். யாரோடதுன்னு கேளுங்க. ரெண்டு மணிங்கறது நான் சும்மா அடிச்சு விட்டது."

தண்ணீர் அம்மாளுக்கு மூளையைவிட வாய் வேகம். "ஐயய்யோ, இது நம்ம ஐயாவோடதாச்சே!"

கூட்டம் கழுத்தை நீட்டி உறையைப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "பத்து ராத்திரி ஐயா! இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. முறை வச்சு நாங்க உங்க மூஞ்சில தண்ணி அடிக்கிறோம்!"

ஞானி பின்படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்தால், ஏழு பேயும் துரத்தியிருக்க வேண்டும்.

கடிகாரக்காரனின் மனைவி யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு ஓடினாள். டாக்டருக்குப் போன் செய்தாள், திட்டு வாங்கினாள், அவர் சொன்னபடி மாத்திரை கொடுத்தாள், ஜன்னலைச் சாத்தினாள். அவன் தூங்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

வலிப்பு அடியோடு நின்றுவிட்டதா? இல்லை. அடுத்த வாரமும் இரண்டு முறை வந்தது. "இன்னொரு மருந்து பாக்கலாம், ஆனா உறுதி சொல்ல முடியாது," என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரை நம்புவதற்கு நமக்கு ஏன்தான் இவ்வளவு கஷ்டமோ! இனி யாராவது உங்கள் வீட்டுத் தலையணையை முகர்ந்தால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஞானம் வேண்டாம். தினமும் தலையணைமேல் ஒன்றை வைக்கிறீர்களே, அது போதும்.