கிடாவும் ஏறும்படி ஒரு வேகமான கார்

நேரத்துக்குப் போய்ச் சேர மனிதனால் முடிந்த அத்தனை வழிகளையும் முயன்று பார்த்தவர், சீக்கிரம் கிளம்புவது என்ற ஒன்றை மட்டும் கடைசி வரை முயலாதவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். விளாங்குடி டர்போ அண்ணன். இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து மாலை போடுகிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியும். ஆனால் திண்டுக்கல் சாலையில் அவர் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த கடைக்கு வருகிறவர்களுக்கும், சொந்தக்காரர்களுக்கும், அந்தக் கடையின் மாடியறையில் மூன்று வருஷம் குடியிருந்த எனக்கும் அவர் டர்போதான். காபி நன்றாக இருந்தால் ‘டர்போ காபி’ என்பார். மழை பலமாகப் பெய்தால் ‘டர்போ மழை’. அவருடைய மொபெட்டின் முகப்பில் சிவப்பு எழுத்தில் ‘டர்போ’ என்று ஒட்டியிருப்பார். அந்த மொபெட்டை நடந்து போகிறவர்கள் முந்திப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கோடையில் கொடுத்த மோட்டார் ஐப்பசி மழையில் திரும்பி வரும். “நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்” என்பார். எந்த நாளை என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலை மட்டும் அவ்வளவு சுத்தம். அவர் கட்டிய காயில் எரிந்து போனதாகச் சரித்திரமே கிடையாது என்பதால் எல்லோரும் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள்.

ஆனால் காதுகுத்து காத்திருக்காது அல்லவா? உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய ஒரே தங்கச்சி, மூத்த மகளுக்குக் காது குத்தினாள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை காதில் தோடு மின்னிக்கொண்டிருந்தது, இரண்டாம் பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெரியப்பா மகன் ஒருவன் மடி கொடுத்துவிட்டான். தங்கச்சி சண்டை போடவில்லை. “வாண்ணே. கடைசிப் பந்தி போடுறாக, போய் உக்காரு” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பேசவில்லை. அந்தப் பெரியப்பா மகனோ எந்த விசேஷத்துக்கு வந்தாலும் “அன்னைக்கு மடி குடுத்தது நான்தானே” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பான். டர்போ அண்ணன் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவார்.

பிறகு அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பேச்சை விட்டவளே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

“அண்ணே, வர்ற ஆவணியில குலசாமி கோயில்ல இவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். மூத்தவளுக்குத்தான் வேற மடியாப் போச்சு. இவனுக்கும் அப்படி ஆச்சுன்னா எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லைன்னு நெனச்சுக்கிறேன்.”

அவள் போன பிறகு அண்ணன் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாடிக்கு ஏறி வந்தார்.

“தம்பி, முடிவு பண்ணிட்டேன். வேகமான கார் ஒண்ணு வாங்கப் போறேன்.”

“எதுக்குண்ணே? அன்னைக்கு மட்டும் வெள்ளன கெளம்புனாப் போதும்ல? அஞ்சு மணிக்குக் கெளம்புனா பஸ்ஸுலயே போயிரலாம்.”

கல்யாண வீட்டில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “அது எப்படித் தம்பி முடியும்?” என்றார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வாடகைக் காரில் போகலாமே என்றேன். “எவனோ ஒரு டிரைவர் கதவைத் தொறந்துவிட, நான் எறங்குனா மாமன் மாதிரியா இருக்கும்? சவாரி மாதிரி இருக்கும்” என்றார்.

புதுக் கார் கட்டுப்படியாகாது, பழையதுதான். அதற்கு நிபந்தனைகள் மூன்று வைத்திருந்தார். வண்டி பத்து நொடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். டிக்கியில் பதினோரு சீர்த்தட்டு நசுங்காமல் போக வேண்டும். சீட்டு சரியாக நாலு இருக்க வேண்டும். அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

“ஓட்டுறது நான். முன்னாடி ஒங்க மதினி. பின்னாடி கிடா. அதைப் பிடிச்சுக்கிற நீ.”

“அஞ்சு சீட்டு இருந்தா தாராளமா இருக்குமேண்ணே.”

“அஞ்சாவது சீட்டு இருந்தா அந்தப் பெரியப்பா மகன் ‘நானும் வாரேன்’னு ஏறிருவான்.”

கிடா என்றது தாய்மாமன் சீராகக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய ஆட்டுக்கிடா. நெற்றியில் வெள்ளை விழுந்த குட்டியாக அதை வாங்கிக் கடை வாசலில் ஏற்கெனவே கட்டிவிட்டார். கிடாவைத் தனியாக லோடு ஆட்டோவில் அனுப்பலாமே என்று யோசனை சொன்னேன். “அவன் லேட் பண்ணிட்டான்னா?” என்று கேட்டார், அந்த மனிதர்.

இப்படித் தொடங்கியது தேடல். ஞாயிற்றுக்கிழமைதோறும் மொபெட்டில் அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் குட்டி. கிடாவை ஏற்றிப் பார்க்காமல் எந்தக் காரையும் முடிவு செய்வதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதல் கார் கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீட்டில் நின்றது. தரையோடு தரையாகச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கதவு இரண்டுதான், ஆனால் சீட்டு நாலு என்று புரோக்கர் சத்தியம் செய்தார். முன் சீட்டை மடக்கி நான் உள்ளே நுழைந்தேன். பின்னாலேயே குட்டியைத் திணித்தார்கள். என் முழங்கால் என் தாடையில் இருந்தது. குட்டியின் பின்புறம் எங்கே இருந்தது என்று சொல்ல விரும்பவில்லை.

“மாப்ள, இதையா நாலு சீட்டுன்னே? பின்னாடி பிள்ளையாரு உக்கார மாட்டாரு, அவரு வாகனம் வேணா உக்காரும்” என்றார் அண்ணன்.

“அண்ணே, பின் சீட்டு சும்மா கைப்பை வைக்கத்தாண்ணே” என்று புரோக்கர் உண்மையைக் கக்கினார்.

அதற்குள் குட்டி சீட்டு பெல்ட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அதை வெளியே எடுக்க அகத்திக்கீரை வாங்கி வந்து காட்ட வேண்டியிருந்தது. என்னை வெளியே எடுக்க இரண்டு பேர் இழுத்தார்கள். டாக்டர் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

இரண்டாவது வண்டியை நான்கு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஒரு பயங்கர உண்மை எனக்குத் தெரியவந்தது. அண்ணன் நாற்பதைத் தாண்டவே மாட்டார். முள் நாற்பதைத் தொட்டதும் காலை எடுத்துவிட்டு, “பிக்கப் பிரமாதம்!” என்றார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி எங்களைக் கடந்து போனார்கள்.

“அண்ணே, நாப்பதுல போறதுக்கா இம்புட்டு வேகமான வண்டி தேடுறீங்க?”

“வேகம் வண்டிக்குள்ள இருக்கணும் தம்பி. அதை எடுத்தே தீரணும்னு என்ன கட்டாயம்?”

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

இப்படியே மாதங்கள் ஓடின. தேடத் தேடக் கிடா வளர்ந்தது. பங்குனியில் பொருந்திய கார் சித்திரையில் பொருந்தவில்லை. கொம்பு முளைத்ததும் அண்ணன் தையல்காரரின் டேப்பை வாங்கி, ஒவ்வொரு காரிலும் சீட்டிலிருந்து கூரை வரை அளந்து, பிறகு கிடாவை அளந்தார். புரோக்கர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கிடாவோ காரில் ஏறி ஏறித் தேர்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் தானாக ஏறும், வேகத்தடையில் தூக்கிப் போட்டாலும் கண்ணை மூடியபடி அசை போடும். ஏசி இல்லாத வண்டியென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஆனி மாதம் ஒரு கறுப்பு வண்டி வந்தது. டர்போ எஞ்சின். பின்னால் நடுவில் கைப்பிடி வைத்துத் தனித்தனியாக இரண்டே சீட்டு. கூரையில் திறக்கும் கண்ணாடி. ஓட்டிப் பார்க்கக் கீழக்குயில்குடிப் பக்கம் போனோம். கண்ணாடியை நகர்த்தியதுதான் தாமதம், கிடா எழுந்து கூரைக்கு வெளியே கழுத்தை நீட்டி நின்றது. தாடி காற்றில் பறந்தது. சமணர் மலையைப் பார்க்க வந்திருந்த கூட்டம் முழுக்க மலையை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அண்ணன் கண் கலங்க என்னைத் திரும்பிப் பார்த்து, “கொம்பு தட்டல தம்பி. இதுதான் நம்ம வண்டி” என்றார். மொபெட்டை யாருக்கோ தள்ளிவிட்டு அதை வாங்கிவிட்டார்.

ஆவணியும் வந்தது. தங்கச்சி கொடுத்த பத்திரிகையைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார். காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆறு மணிக்கு அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஆறரைக்கு வேட்டிக் கரை சரியில்லை என்றார். ஏழு மணிக்கு, அவசரமாக ஒரு மோட்டாருக்கு ஒரு சுற்று பாக்கி இருக்கிறது, இதோ வாரேன் என்று கடைக்குள் போனார். கிடா காரில் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நாங்கள் புறப்பட்டபோது மணி ஏழு ஐம்பது.

சரி, டர்போ எஞ்சின் இருக்கிறதே என்று நம்பினேன். நாகமலை தாண்டியும் நாற்பது. மினிபஸ் முந்தியது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முந்தியது. செக்கானூரணியில் முகப்பில் சிவப்பு எழுத்தோடு ஒரு மொபெட் முந்தியது. அது அவர் விற்ற மொபெட்தான். மதினி மட்டும் முன் சீட்டில் அமைதியாகக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். என்ன கல் மனசு இந்த அம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணே, மிதிங்கண்ணே! மடி போயிரும்ணே!”

“மிதிக்கணும்னுதான் நெனைக்கிறேன் தம்பி” என்றார். “ஒத்தையா இருந்தாக்கூட மிதிச்சிருவேன். உள்ள மூணு உசிரு உக்காந்திருக்கீகளே.”

நான் கிடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோயிலை அடைந்தபோது ஒன்பது இருபது. பந்தல் இருந்தது. நாற்காலிகள் இருந்தன. மனிதர்கள் யாரும் இல்லை. அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தார். “முடிச்சிட்டு எல்லாரும் போயிட்டாக தம்பி. ரெண்டாவது பிள்ளையும் போச்சு. இனி எந்த முகத்தோட அவளைப் பாப்பேன்?” அழுதார். வாய்விட்டே அழுதார். கிடா பின்னாலிருந்து அவர் காதை நக்கியது.

மதினி கொய்யாப்பழத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “எந்திரிங்க. ஒண்ணும் முடிஞ்சிரல, இன்னும் யாரும் வரவே இல்ல” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கறுப்புக் காரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அசந்து போனாள். “ஆத்தாடி! அதுக்குள்ள வந்துட்டியா?”

முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். ஊருக்கெல்லாம் கொடுத்த பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. ஏழரை என்று அச்சடித்தது ஒரே ஒரு பத்திரிகை. அச்சாபீசுக்குப் போய் அதை அடித்து வாங்கி வந்தது மதினி.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்ப என்னைய நம்பலையா நீ?”

“ஒன்னைய எனக்குத் தெரியாதாண்ணே? வேற எவன் மடியிலயும் என் பிள்ளைய உக்கார வைக்க எனக்கு மனசில்ல. அதுக்குத்தான் ஒனக்குன்னு தனியா ஒண்ணு மதினிய அடிக்கச் சொன்னேன்” என்றாள் தங்கச்சி.

முகூர்த்தத்துக்கு நேரம் இருந்ததால் பூசாரி முதலில் கிடாவுக்குத் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இது குலுக்கவில்லை. ஒரு குடம் ஊற்றினார்கள். காதில் ஊற்றினார்கள். பத்து மாதம் மதுரை மாவட்டத்து வேகத்தடை அத்தனையும் பார்த்த கிடா, அசை போடுவதைக்கூட நிறுத்தாமல் நின்றது. “சாமி வேணாங்குது” என்றார் பூசாரி. ஊருக்குள் போய் வேறு கிடா வாங்கி வந்தார்கள். நம்முடையது தானாகவே நடந்து போய்க் கார்க் கதவருகே நின்றுகொண்டது.

பத்தே முக்காலுக்கு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பையனை அண்ணன் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பையனை இரண்டு கையாலும் அணைத்தார். “மாமன் வந்துட்டேன்டா, மாமன் வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பையன் லேசாகச் சிணுங்கினான், அவ்வளவுதான். பெரியப்பா மகன்தான் பையனின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

இப்போது நான் விளாங்குடியில் இல்லை. எங்கள் வீட்டு மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை. பக்கத்துத் தெருவிலேயே நல்ல மெக்கானிக் இருக்கிறார், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். ஆனாலும் டர்போ அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். காலை பத்து மணிக்கு வாரேன் என்றார். இப்போது மணி இரண்டு. சமையல் ஆறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் முனகுகிறார்கள். அவர் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.