புறங்கை வைத்தியர்

யோசனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஊர் அதன் உருவம் மாறும். எங்கள் நெப்ராஸ்காவில் அதை நல்ல ஆரோக்கியத்தோடு பார்க்க வேண்டுமானால், செப்டம்பர் மாதம் பிளாட் ஆற்றங்கரை முகாம் மைதானத்துக்கு வாருங்கள். முழங்காலில் மண் இருக்கும். சட்டைப்பையில் ஒரு சின்ன ரசமட்டம் எட்டிப் பார்க்கும். "சௌக்கியமா?" என்று நீங்கள் கேட்பீர்கள், அது உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்களுக்குப் பின்னால் நிற்கும் டிரெய்லரைப் பார்த்து, "இடது பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கே" என்று பதில் சொல்லும். அதற்கு அதுதான் நலம் விசாரிப்பு.

டிரெய்லர் என்பது பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், கையகல மேஜை எல்லாம் இருக்கும். வாங்கும்போது எல்லோரும் ஊர் சுற்றத்தான் வாங்குகிறார்கள். முதல் மழையில் கூரை ஒழுகும். அதை அடைத்தால் பனியில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும், குழாயை மாற்றினால் எலி வந்து கம்பியைக் கடிக்கும், எலியை விரட்டினால் சக்கரத்தில் இன்னதென்று தெரியாத ஒரு சத்தம் வரும், இத்தனையையும் ஒருவர் தனியாகத் தாங்க முடியாதென்று ஒரு சங்கம் வரும், சங்கம் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்துவிட்ட பிறகு ஊர் சுற்றுவதற்கு ஏது நேரம்?

கூட்டம் காலை எட்டு மணிக்கு. மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு பெட்டி டோநட் வைத்து, ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும். எலிக்குப் புதினா எண்ணெய் தெளியுங்கள் என்பார் ஒருவர். தெளித்தோமே, வாசனைக்காகவே பக்கத்து டிரெய்லர் எலியும் வந்து சேர்ந்துகொண்டது என்பார் இன்னொருவர். கழிவுத் தொட்டியைக் கழுவ ஐஸ்கட்டி நல்லதா சோப்புத்தூள் நல்லதா என்று ஒரு முறை விவாதம் கிளம்பி, இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. இவ்வளவும் டோநட்டைக் கடித்துக்கொண்டே நடக்கும்.

இந்த வட்டத்தில் மூத்த வைத்தியர் வெர்லின் மோசர். தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய விசேஷம் அவர் புறங்கை. புதிதாக ஒரு டிரெய்லர் மைதானத்துக்குள் வந்து நின்றால் மற்றவர்கள் கைகுலுக்கப் போவார்கள். வெர்லின் குனிவார். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைப்பார். உள்ளே பேரிங்கில் கிரீஸ் வற்றியிருந்தால் அந்த இடம் சுடும். "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்" போதும், வந்தவர் ராத்தூக்கத்தை மறந்துவிடலாம்.

அவர் மனைவி நோரீனுக்கு அறுபத்தாறு வயது. கடலைப் பார்த்ததில்லை. நாட்டின் நட்டநடுவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். அவர் தங்கை மர்லா ஒரிகன் மாநிலத்தில் கடலுக்கு எதிரே ஒரு வீட்டில் இருக்கிறாள். "பின்கட்டுக் கதவைத் திறந்தா கால்ல தண்ணி படும், வா" என்று பதினைந்து வருஷமாகக் கூப்பிடுகிறாள். அதற்காகத்தான் டிரெய்லரே வாங்கினார்கள். பதினைந்து வருஷத்தில் அது முப்பத்தொரு சங்கக் கூட்டங்களைப் பார்த்திருக்கிறது. கடலைப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் மர்லா வீட்டை விற்றுவிட்டாள். மாதக் கடைசித் திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு மகனோடு போய்விடுகிறாள். இனி அந்தக் கதவு வேறு யாருக்கோ திறக்கும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு போக ஐந்து நாள் ஆகும். வெர்லின் உடனே சம்மதித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: போகிற வழியில் பிளாட் ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி. வியாழக்கிழமை போய், நண்பர்களைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை கிளம்பிவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலை வட்டத்தில் யாரோ கூரைப் பசை பற்றிப் பேச்செடுத்தார்கள். வெர்லின் ஏணியோடு கூரைக்குப் போனார். சனிக்கிழமை புது மாதிரி கிரீஸ் ஒன்று வந்திருப்பதாகத் தெரிந்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றி, பழையதைத் துடைத்து, புதியதைத் திணித்தார். ஞாயிற்றுக்கிழமை, புதியதில் நம்பிக்கை இல்லாமல் மறுபடி பழையதைத் திணித்தார். திங்கட்கிழமை மதியம் சொந்த டிரெய்லரில் கழற்ற ஒன்றும் பாக்கியில்லை. கைகள் சும்மா இருந்தன. பக்கத்து இடத்தில் டுவெயின் ஃபிட்சின் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது.

வெர்லின் தொட்டார். "ம்ம்," என்றார்.

"என்னய்யா ம்ம்?" என்றார் டுவெயின். "நாலு நாளா இதே இடத்துல நிக்குது. எப்படிய்யா சூடாகும்?"

"அதான் எனக்கும் கவலையா இருக்கு. ஓடாமலே சுடுதுன்னா ஓடினா என்ன ஆகும்?"

மேற்கு வெயில் அந்தச் சக்கரத்தின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. அதை இருவரும் கவனிக்கவில்லை. வெயிலைப் பற்றி வட்டத்தில் யாரும் யோசனை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நோரீன் காபியைக் கொண்டுவந்து நீட்டினார். "வெர்லின், இன்னிக்குக் கிளம்பினா சனிக்கிழமை போய்ச் சேரலாம். ஞாயிறு ஒரு நாள் இருக்கலாம். திங்கக்கிழமை மர்லா சாவியக் கொடுத்துடறா, இன்னிக்கு விட்டா கிடையாது."

"இதோ, அஞ்சு நிமிஷம்." குரல் டுவெயினின் டிரெய்லருக்கு அடியிலிருந்து வந்தது.

"இந்த அஞ்சு நிமிஷம் வெள்ளிக்கிழமைலேர்ந்து ஓடுது."

"தொறந்து போட்ட சக்கரத்த அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா? மனுஷன் செய்யற காரியமா?"

"அவர் கேட்டாரா உன்ன, தொறக்கச் சொல்லி?"

டுவெயின் தொண்டையைக் கனைத்தார். தான் கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் சக்கரம் வெர்லின் கையில் இருந்தது. ஆகவே வானத்தைப் பார்த்தார்.

"கொக்கியில மாட்டி வச்சிரு. வந்துடறேன்," என்றது அடியிலிருந்து குரல்.

அப்படிச் சொன்னவர் தான் என்ன சொல்கிறோம் என்று யோசித்திருக்க மாட்டார். நோரீன் யோசித்தார். பதினைந்து வருஷம் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று கைகாட்டியவர் அவர். முப்பத்தொரு கூட்டங்களில் அத்தனை யோசனைகளையும் டோநட் கூட எடுக்காமல் கேட்டவர். பிக்கப்பை ஒரே முறையில் பின்னால் எடுத்து, கொக்கியை மாட்டி, சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போட்டு, சக்கரக் கட்டைகளை எடுத்து அடுக்கினார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. சங்கம் முழுவதும் டுவெயினின் சக்கரத்தைச் சுற்றிக் குனிந்திருந்தது. மைதானத்தில் தெரிந்ததெல்லாம் பதினொரு முதுகுகள்தான். நோரீன் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு இறங்கிப் போய் ஏதோ எழுதி வைத்துவிட்டு வந்து ஏறினார்.

சரளைக் கல்லின்மேல் சக்கரம் நகர்கிற சத்தம் கேட்டது. டிரெய்லருக்கு அடியில் வெர்லின் காதைத் தீட்டிக்கொண்டார்.

"யாரோ கிளம்பறாங்க. எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க."

பதினொரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"கேளுங்கய்யா அந்தச் சத்தத்த. ஒரு முனகல் இருக்கா? ஒரு கிறீச் இருக்கா? வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. அந்த பேரிங்குக்கு கிரீஸ் போட்டவன் யாரோ விஷயம் தெரிஞ்சவன். ஓட்டறவனும் கெட்டிக்காரன், பாரு, திருப்பத்துல அவசரமே படல. எந்த ஊர்க்காரன்னு கேட்டு அவன நம்ம சங்கத்துல சேர்க்கணும்."

டுவெயின்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த டிரெய்லரையும், அது நின்ற இடத்தில் தெரிந்த மஞ்சள் புல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்: "யோவ் வெர்லின், அவங்க ஏற்கனவே நம்ம சங்கம்தான்."

காலி இடத்தில் அவருடைய மடக்கு நாற்காலி இருந்தது. அதன்மேல் கருவிப் பெட்டி, கோட்டு, இரண்டு சாண்ட்விச், கிளம்புமுன் பார்க்க வேண்டியவை என்று வெர்லினே எழுதி பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியல். இருபத்துமூன்று வரிகள். இருபத்துமூன்றுக்கும் நோரீன் டிக் போட்டிருந்தார். சக்கர நட்டு, டிக். கூரை ஜன்னல், டிக். அடியில் பேனாவால் இருபத்துநான்காவது வரி ஒன்று: "வெர்லினைக் கூப்பிட்டாச்சு, நாலு தடவை." அதற்கும் டிக்.

வெர்லின் அதை எடுத்துப் படித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பட்டியலில் ஒரு தப்பாவது கிடைக்குமா என்று மூன்று முறை பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை.

அன்று முழுவதும் அவர் யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லவில்லை. சங்கம் கலங்கிப் போயிற்று. புதன்கிழமை காலை வட்டத்தில் அவர் கையைத் தூக்கியதும் எல்லோருக்கும் உயிர் வந்தது.

"ஒரு யோசனை கேக்கணும்," என்றார் வெர்லின். சொல்ல இல்லை, கேட்க. வட்டத்தில் அப்படி நடந்ததே கிடையாது. "ஒரிகனுக்கு எப்படிப் போறது? பதினொண்ணே காலுக்கு ஊருக்குள்ளேர்ந்து ஒரு பஸ் இருக்காம்."

"பஸ்ஸா! முதுகு போயிடும்," என்றார் ஒருவர்.

"பின் ஸீட்டுல உக்காராதே, கக்கூஸ் நாத்தம்."

"முன் ஸீட்டும் கூடாது, தூங்க விடாது வெளிச்சம்."

"ரயில்தான் சரி. ஆனா நேத்திக்குப் போயிடுச்சு."

"முதல்ல ஒண்ணு சொல்லு, நீ எந்தச் செருப்பு போட்டுட்டுப் போறே? பஸ்ஸுல கால் வீங்கும்."

"இரு இரு, வீக்கத்துக்கு நான் ஒண்ணு சொல்றேன்."

மணி பத்தரை ஆயிற்று. வீக்கத்துக்கு வெந்நீரா ஐஸ்கட்டியா என்பதில் கட்சி பிரிந்தது. வெர்லின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனையும் நல்ல முகங்கள், அத்தனையும் அவருக்கு உதவத் துடித்தன. பதினைந்து வருஷம் நோரீன் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்தார். நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கருவிப் பெட்டியை டுவெயினின் காலடியில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

"யோவ்! நாற்காலிய அப்படித் தூக்காதே, தோள்பட்டை பிடிச்சுக்கும்!" என்று பின்னாலிருந்து சங்கம் கத்திற்று.

பஸ் பிடித்தாரா? பிடித்தார். முதுகு போயிற்றா? போயிற்று. சனிக்கிழமை மாலை மர்லாவின் வீட்டு முன்னால் நோரீன் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, வாசலில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். அவர் கை சக்கரத்தைப் பார்த்து நீண்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"தொட்டுப் பாக்கலையா?" என்றார் நோரீன்.

"செவ்வாய்க்கிழமையே காதால கேட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கு," என்றார் வெர்லின். "வா, மர்லா பின்கட்டுக் கதவ தொறந்து வச்சிருக்கா."

அவ்வளவுதான். இனி உங்களிடம் ஒரு வார்த்தை. நோரீன் ஒரு விமானச் சீட்டு எடுத்திருந்தால் பதினைந்து வருஷம் மிச்சமாகியிருக்குமே என்று இரண்டாம் பக்கத்திலேயே உங்களுக்குத் தோன்றிற்றா? வெயிலில் நின்ற சக்கரத்தை நிழலுக்குத் தள்ளிவிட்டுத் தொட வேண்டும் என்று சொல்ல வாய் துறுதுறுத்ததா? இந்தக் கதையையே இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்று எனக்குச் சொல்ல நினைக்கிறீர்களா? சொல்லுங்கள், தாராளமாகக் கேட்கிறேன். ஆனால் வாசல் பக்கம் ஏதோ வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டால், எவ்வளவு அருமையாக ஓடுகிறது என்று ரசிப்பதற்கு முன்னால் எழுந்து போய், அது யார் வீட்டு வண்டி என்று பார்த்துவிடுங்கள்.