ஒரே தடவை கரண்ட் வைத்துக்கொண்ட அவசரம் அக்கா

ஜவ்வாது மலையில் அவசரம் அக்காவைக் காக்க வைத்துத் தப்பித்தவர் எவரும் கிடையாது. ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு டீக்கடை. பஸ் நிற்கும் முன்பே டீயை ஆற்றிவிடுவார். காபி குடிக்கலாம் என்று இறங்குகிறவரும் டீயைத்தான் குடித்தாக வேண்டும். ஒரு கல்யாணத்தில் புரோகிதர் மந்திரத்தை இழுக்கிறார் என்று அக்காவே கெட்டிமேளம் கேட்டுவிட்டார். மேளக்காரர் பயந்துபோய் அடித்தார், மாப்பிள்ளையும் பயந்துபோய்த் தாலி கட்டினார்.

எனக்குத் தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை; தினமும் டீ அக்கா கடையில்தான். போன வருடம் அக்காவுக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டுமென்று என்னையும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஆபரேஷன் முடிந்ததும் சில வாரங்கள் தினமும் கதிர்வீச்சுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைக்க, வர வேண்டும் என்று டாக்டரம்மா ஆரம்பித்ததுமே அக்கா எழுந்துவிட்டார்.

"தெனமும் மலை எறங்கி ஏற என்னால ஆவாதுங்க. ஒண்ணும் வேணாம், நான் வூட்டுக்குப் போறேன்."

அக்கா சொன்னால் செய்கிறவர். கதவை மறித்துக்கொண்டு, வேறு வழி இருக்கிறதா என்று நானே டாக்டரம்மாவைக் கேட்டேன்.

இருந்தது. கட்டியை எடுத்ததும், தையல் போடும் முன்பே, அது இருந்த இடத்தில் கருவியை வைத்து ஒரே தடவையில் கதிர்வீச்சு கொடுத்துவிடலாமாம். அக்காவின் வயதுக்கும் கட்டியின் அளவுக்கும் அது பொருந்துமாம். ஆனால் எடுத்த சதையின் பரிசோதனை முடிவு சரியாக வர வேண்டும். இல்லாவிட்டால் தினமும் வந்துதான் ஆக வேண்டும்.

"அறுக்கும்போதே கரண்டும் வச்சிடுவீங்களா?"

"ஆமாம்மா. அரை மணி நேரம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே செய்யச் சொன்னவருக்கு ஒரு தேதி கொடுத்து அனுப்புவதற்குள் டாக்டரம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

மயக்க மருந்து கொடுக்கும்போது பத்து வரை எண்ணச் சொன்னார்களாம். அக்கா எட்டிலிருந்து ஆரம்பித்தாராம்.

பத்தாம் நாள் கடைக்கு வந்துவிட்டார். ஆனால் பரிசோதனை முடிவு வரும்வரை, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டே மிரண்டுபோனது.

முடிவை நான்தான் படித்துச் சொன்னேன். "எல்லாம் சரியா இருக்குதுக்கா. இனிமே கரண்ட் வேணாமாம். மாத்திரையும் செக்கப்பும் மட்டுந்தான்."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "சரி, போ தம்பி. ஆபீஸ் தொறந்து எவ்ளோ நேரமாச்சு."

போன மாதம் எனக்கு மலைக்குக் கீழே கலசப்பாக்கத்துக்கு மாற்றல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று காரணம் போட்டிருக்கிறேன். அக்கா கடை டீயை மனுவில் எப்படி எழுதுவது?