ஒப்புமைப் பொறி வதைப் படலம்

அலைகடல் சூழ்ந்த சாவகத் தீவின் நடுவண், எரிமலையொன்று எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும் யோக்யகர்த்தா மாநகரிலே, மீன்வளத் துறையின் மணிவிளக்காய்த் தோன்றியவனும், கெளுத்திக் குஞ்சுகளின் பசியறிந்தவனும், நான்காண்டுப் படிப்பை அவசரமின்றி ஆறாண்டு பயின்ற நிதானனும், எத்தனை முறை துவைத்தும் மீன்வாடை நீங்காத சட்டையணிந்த மார்பினனுமாகிய பகஸ்கோரோ பெற்ற வெற்றியைச் சொல்லப் புகுகின்றோம். நூலகத்துக் கம்பியில்லா இணையமே, இக்கதை முடியுமட்டும் அறாதிருந்து காப்பாயாக. அப்புறம் உன் இஷ்டம்.

போர் எதன்பொருட்டு என்பீர்கள். அந்நாட்டில் பட்டம் பெறுவோன் எவனாயினும் நூலகத்தாரிடம் ஒரு விடுவிப்புச் சான்று பெற்றாக வேண்டும். சான்று வேண்டுமாயின் ஆய்வேட்டை ஒப்புமைப் பொறியின் வாயில் இட வேண்டும். பொறியோ உலகத்து ஏடுகளையெல்லாம் தின்று செரித்த பெருவயிறுடையது; வந்த ஏட்டில் பிறர் ஏட்டோடு ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பாக்கி, நூற்றுக்கு இத்தனை களவு என்று தீர்ப்பளிப்பது. இருபத்தைந்தைத் தாண்டினால் சான்றில்லை. வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குள் சான்றில்லையேல் பட்டமளிப்பு விழாவில் இடமில்லை; அடுத்த விழாவுக்கு ஆறு மாதம். வொனோசாரி என்னும் ஊரில் இருந்த அவன் தாயோ, "அடுத்த தடவை கண்டிப்பா" என்று மகன் சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். விழாவுக்கு உறவு முழுவதையும் ஏற்றிவர ஒரு வேன் பேச வேண்டும்.

"சான்று கைக்கு வர்ற வரைக்கும் வேனுக்குச் சொல்லிடாதீங்கம்மா" என்றிருந்தான் மகன்.

"சரிப்பா" என்றிருந்தார் தாய். அந்தச் "சரிப்பா"வை இன்னொரு முறை கேட்கும் தெம்பு அவனுக்கு இல்லை.

செவ்வாயன்று நிகழ்ந்த முதற்போரில் பகஸ்கோரோ நாற்பத்தொன்று வாங்கினான். எங்கெங்கே சிவந்ததென்று பார்த்தவன் திகைத்தான். மீனைப் பற்றிய வரிகள் கிடக்கட்டும், எல்லாம் வல்ல இறைவனுக்கு முதற்பக்கத்தில் அவன் செலுத்தியிருந்த நன்றியே தலை முதல் கால் வரை சிவந்து கிடந்தது. அத்தீவில் ஆய்வேடு எழுதுவோர் அனைவரும் இறைவனுக்கு ஒரே வாக்கியத்தில் நன்றி சொல்வதே மரபு. ஆகவே அவன் பக்தி நூற்றுக்கு நூறு களவு என்று கண்டது பொறி. இதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

வெகுண்டெழுந்த வீரன் சிவந்த வரிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்தான். "கெளுத்தி சேற்றுநீரிலும் வாழும்" என்றிருந்ததை "சேற்றுநீரும் கெளுத்தியால் வாழப்படும்" என்று புரட்டினான். "குஞ்சுகள் இருவேளை தின்றன" என்றது, "தின்னல் என்னும் நிகழ்வு குஞ்சுகளிடையே இருபொழுதும் நிலவக் காணப்பட்டது" என்றாயிற்று. இறைவனுக்கு, உலகில் எவரும் அதுகாறும் சொல்லியிராத வண்ணம், மூன்றாம் தொட்டியில் மின்சாரம் போன அன்று மீன்கள் சாகாமல் பார்த்துக்கொண்டமைக்காகத் தனியே நன்றி கூறினான். படித்தால் ஒன்றும் விளங்காது; ஆனால் அதைப்போல் எழுத வேறு ஆளில்லை. பகை ஒழிந்ததென்று பொரித்த சோயாக்கட்டியாகிய தெம்பேயும் பச்சைமிளகாயும் தின்றுவிட்டு, வெள்ளி நண்பகல் கழிந்ததும் நூலகப் பேரரணுள் புகுந்தான்.

ஆங்கே பொறியின் வாயிற்காவலராய், எத்தனையோ ஆய்வேடுகளின் சிவப்பைக் கண்டும் கலங்காத நெஞ்சினராய், குளிர்பதனத்துக்கு அஞ்சிக் கம்பளிச் சட்டையணிந்தவராய் வீற்றிருந்தார், இபு என்று யாவரும் மரியாதையோடு விளிக்கும் மார்த்தினி அம்மையார். ஏட்டை உள்ளே விட்டார்; காத்திருந்தார்; கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.

"அறுபத்தெட்டு."

"இருக்காது இபு. நல்லாப் பாருங்க."

"பாத்தாச்சு தம்பி. முக்கால்வாசி ஒரே ஆள்கிட்டேருந்துதான் எடுத்திருக்கீங்க. பகஸ்கோரோன்னு ஒருத்தர். மீன்வளத் துறையாம்."

"நான்தான் இபு அந்தப் பகஸ்கோரோ."

"அது எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே."

செவ்வாயன்று விழுங்கிய ஏட்டைப் பொறி துப்பவில்லை. தன் வயிற்றிலேயே பத்திரமாய் வைத்திருந்தது. அதை எடுக்கவல்ல கடவுச்சொல்லை அறிந்தவர் பாக் ஹெண்ட்ரோ என்னும் கணினிப் பொறுப்பாளர் ஒருவரே. அவரோ வெள்ளித் தொழுகைக்குப் போய், அப்படியே மைத்துனர் மகள் கல்யாணத்துக்கும் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்தால் பாட்டுச் சத்தம்தான் கேட்டது. தானே தனக்குப் பகையாகித் தன்னையே கொள்ளையிட்டுத் தன்னிடமே பிடிபட்டு நின்ற பகஸ்கோரோவுக்கு அழுகை வந்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"வேற ஒருத்தர் எழுதினதை எடுத்தா என்ன பண்ணுவீங்க இபு?"

"அவர் சம்மதக் கடிதம் இருந்தா, அந்த ஏட்டைக் கணக்குலேருந்து தள்ளிடலாம்."

"அவர் சம்மதிச்சா?"

"யாரு?"

"நான்."

மார்த்தினி அம்மையார் மூக்குநுனிக் கண்ணாடியை மேலேற்றினார். "ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியா?" என்றார்.

"ஒட்டி."

"அப்ப சரி." ஸ்டாம்ப் ஒட்டிய காகிதத்துக்கு அத்தீவில் மறுபேச்சில்லை.

ஓடினான் பகஸ்கோரோ, எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடையின் நெடுவரிசையைப் "பெரிய மனசு பண்ணுங்க" என்னும் ஒரே அம்பால் பிளந்தான், ஸ்டாம்ப் வாங்கி, வியர்வையால் நனைத்து ஒட்டி, உலகோர் அறியப் பறைசாற்றினான்: "பகஸ்கோரோ ஆகிய நான், மேற்படி பகஸ்கோரோ என்பவர் என் ஏட்டின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டதை அறிவேன். அவர்மீது எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. இதை நல்ல உடல்நலத்தோடும் தெளிந்த அறிவோடும், யாருடைய வற்புறுத்தலுமின்றி எழுதிக்கொடுக்கிறேன்." களவு கொடுத்தோன் இடப்புறமும் களவு கொண்டோன் வலப்புறமும் கையெழுத்திட்டனர்.

காகிதத்தை வாங்கிய அம்மையாரின் புருவம் ஏறியது. "ரெண்டு கையெழுத்தும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே?"

நல்லவேளை, அவரே சிரித்துவிட்டார்.

முந்தைய ஏடு கணக்கிலிருந்து நீங்கியது. பதினொன்று என்றது பொறி. அச்சிட்ட சான்று சூட்டோடு கைக்கு வந்தது. மூன்று மணி அடிப்பதற்குள் விழாப் பதிவேட்டில் பகஸ்கோரோவின் திருநாமம் ஏறியது. ஏறியதும், தன்னை வென்று தன்னை மன்னித்த அப்பெருந்தகை, கண்ணீர் மல்க, நூலகத்துப் படிக்கட்டின் உச்சியில் நின்று, வடகோடி எரிமலையும் தென்கோடிக் கடலும் ஒருங்கே கேட்குமாறு, "அம்மா, வந்துருச்சு, இனி வேனுக்குச் சொல்லிடுங்க" என்று கைப்பேசியில் முழங்கினான். வேனுக்கு அவர் போன மாதமே முன்பணம் கொடுத்திருந்தார்.