மெட்ராஸ் வண்டியில் குரங்கு ஏற்றியவர்

குரங்குகளிடம் மன்னிப்புக் கேட்டே காலத்தை ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் புதுக்கோட்டைக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'கொரங்குக் காண்ட்ராக்டர்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் புதுக்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். கல்யாணம் ஆகாதவன். முதல் தடவை அவர் ஸ்டேஷனுக்கு வந்தபோது பின்னால் இரண்டு மாட்டுவண்டி நிறைய மூங்கில் கூண்டுகள். கூண்டுகளுக்குள் குரங்குகள் ஊரையே திட்டிக்கொண்டிருந்தன. வெயிலில் கறுப்புக் கோட்டும் கழுத்தில் துண்டுமாக அவர் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து, "கோவிச்சுக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான், வண்டி வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்காரனை "டேய்" என்றவர், குரங்குகளை "வாங்க, போங்க" என்றார்.

எங்கள் கட்டணப் புத்தகத்தில் நாய் இருந்தது, ஆடு இருந்தது, கோழி இருந்தது. குரங்கு இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன்.

"நாய்னு எழுதிட்டுப் போப்பா" என்றார் அவர்.

காண்ட்ராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அனுமார் வம்சத்த நாய்னு எழுதுவீங்களா? நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் நான் 'இதர பிராணிகள்' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "இதர... சரிங்க தம்பி, இதுல ஒரு மரியாத இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

குரங்குகள் மெட்ராஸுக்குப் போயின. அங்கே ஓர் ஏஜெண்ட் வாங்கிக் கப்பலிலோ விமானத்திலோ சீமைக்கு அனுப்பினார். மருந்து கண்டுபிடிக்கும் இடங்களில் அவற்றுக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்களாம். போனவை திரும்புவதில்லை. இதை எங்களிடம் சொல்லும்போது மட்டும் காண்ட்ராக்டர் கூண்டுகளை விட்டுத் தள்ளிவந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

ஊர் அவரை நடத்திய விதம் தனிக்கதை. காலையில் அவரைப் பாவி என்று ஏசிய வீட்டுக்காரர்களே, ஓட்டைப் பிரித்துக் குரங்கு உள்ளே இறங்கிவிட்டால் சாயங்காலம் ஆளனுப்பினார்கள். கீரமங்கலத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஸ்டேஷனுக்கே வந்து, "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்க தோப்புல ஒன்னுவிடாமப் புடிங்க" என்று காலில் விழாத குறையாகக் கேட்டார். பிடித்துக் கூண்டில் அடைத்த பிறகு அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எம்மேல பாவமில்லப்பா" என்று கூண்டைச் சுற்றிவந்து கும்பிட்டார்.

காண்ட்ராக்டர் சனிக்கிழமை குரங்கு பிடிக்க மாட்டார். அன்றைக்கு அனுமார் கோயிலில் வடைமாலை சாத்துவார். மற்ற நாளெல்லாம் வம்சத்தைப் பிடித்து அனுப்பிவிட்டுச் சனிக்கிழமை மூலவருக்கு வடை கொடுக்கிறாரே என்று பட்டர் ஜாடையாகக் கேட்டதற்கு, "அதுக்குத்தாங்க குடுக்குறதே" என்றாராம்.

ஒருநாள் ஒரு கூண்டின் கதவு பிரிந்து ஒரு கிழட்டுக் குரங்கு வெளியே வந்துவிட்டது. நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போய் அவருடைய டிபன் கேரியரைத் திறந்து உட்கார்ந்துகொண்டது. தயிர் சாதத்தைத் தீர்த்தது. ஊறுகாயை நக்கியது. பீர்க்கங்காய்க் கூட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் அந்தக் கூட்டு இருந்த அடுக்கைத் திறந்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கய்யா! இத நான் பன்னெண்டு வருசமாத் தின்னுக்கிட்டிருக்கேன்." அன்று முதல் அவருக்குக் குரங்குகள்மேல் ஒரு தோழமை வந்துவிட்டது.

இவ்வளவு குரங்குபக்தி உள்ளவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் அவர் தோளில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு ஒன்பது வயது இருக்கும். இரண்டு கால்களும் துணிபோல அவர் மார்பில் தொங்கின. இளம்பிள்ளை வாதம். பெயர் சிவகாமி. அவர் 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். தாய் இல்லை. பள்ளிக்கூடம், கோயில், சந்தை எல்லாம் அவளுக்கு அப்பாவின் தோள்தான்.

"சீமையில கொரங்குகள வச்சு இதுக்கு மருந்து செய்றானுகளாம் தம்பி. பேப்பர்ல போட்டுருந்தான்" என்றார். "மருந்து வந்துட்டா ஆத்தா நடந்துரும்ல? அதத்தான் இதுககிட்டயும் சொல்றேன். எம்புள்ளைக்காக, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு. அதுகளும் புள்ளகுட்டிக்காரங்கதான? புரியும்."

சிவகாமி தோளிலிருந்து எட்டிக் கூண்டுக்குள் பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சித்திரை மாதத்தில் அன்னவாசலிலிருந்து வந்த மாட்டுவண்டி வழியிலேயே அச்சு முறிந்து நின்றுவிட்டது. பொட்டல்வெளி. மாற்று வண்டி வந்து ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவதற்குள் சில குரங்குகள் செத்துப்போயின. ஒரு தாய்க்குரங்கு செத்த குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. காண்ட்ராக்டர் அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, துண்டை நனைத்து நனைத்து உள்ளே பிழிந்துகொண்டிருந்தார். ரயில் வந்தபோது அந்தக் கூண்டை மட்டும் ஏற்றவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய், "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"வேண்டப்பட்டவங்க" என்றார் காண்ட்ராக்டர். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பிறகு மருந்து வந்துவிட்டதென்று பேப்பரில் நிஜமாகவே செய்தி வந்தது. அவர் அந்தப் பேப்பரை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். கூண்டுக்குள்ளும் கொடுத்தார். சிவகாமிக்குப் புதுப் பாவாடை தைத்து, ஒரு ஜோடி செருப்பும் வாங்கினார். அவளுக்கு வாங்கிய முதல் செருப்பு அது. மெட்ராஸ் வண்டியில் ஏறியபோது சிவகாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "வாரப்ப மாட்டிக்கிட்டு வாரேன் மாமா" என்று எனக்குக் கையசைத்தாள்.

சில நாள் கழித்து இருவரும் திரும்பினார்கள். அவர் தோளில் அவள். செருப்பு அவருடைய கோட்டுப் பையில்.

"டாக்டர் நல்ல மனுசன் தம்பி. ஒக்கார வச்சுப் பொறுமையாத்தான் சொன்னாரு" என்றார். "வராம இருக்குறதுக்குத்தான் மருந்தாம். வந்தவகளுக்கு இல்லையாம்."

அதே நாள் மாலை வண்டிக்குப் போகவேண்டிய குரங்குகளை அவருடைய ஆட்கள் கறம்பக்குடியிலிருந்து பிடித்துவந்து பிளாட்பாரத்தில் இறக்கியிருந்தார்கள். இனிமேல் இவர் எதற்கு அனுப்பப்போகிறார், கூண்டுகளைத் திறந்துவிடத்தான் போகிறார் என்று போர்ட்டர்கள் பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் டிபன் கேரியரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

காண்ட்ராக்டர் சிவகாமியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கூண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, இதுகள அவுத்து விட்ருவமா?" என்றாள் சிவகாமி.

அவர் பெஞ்சுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "எதுத்த வீட்டுல ஒரு புள்ள பொறந்துருக்குல்ல ஆத்தா" என்றார். "அது நடக்கணும்ல."

"அப்ப கொரங்குக?"

அவர் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க தம்பி" என்றார்.

எழுதினேன். கூண்டுகளை ஏற்றினார்கள். அன்றைக்கு அவர் எந்தக் கூண்டின் முன்னாலும் குனியவில்லை. அதற்கப்புறமும் ஓரிரு வருஷம் அனுப்பினார். குரங்குகளோடு பேசுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"என்னத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்குறது தம்பி? எம்புள்ளைக்குன்னு சொன்னப்ப ஒரு நாயம் இருந்துச்சு. ஊரான் புள்ளைக்குன்னு சொன்னா அதுக ஒத்துக்குமா?"

ஒருமுறை வேலையாக மெட்ராஸ் போனபோது அந்த ஏஜெண்டைப் பார்த்தேன். "அந்த வாத மருந்துக்குச் சீமைக்காரன் வடக்கத்திக் குரங்கைத்தான் சார் அதிகமாக் கேக்கிறான். ஒங்க ஊர்க் குரங்கு எந்த மருந்துக்குப் போச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றார். ஊருக்குத் திரும்பியதும் நான் அதைக் காண்ட்ராக்டரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிறகு அவர் தொழிலை விட்டுவிட்டார். சிவகாமி படித்தாள். இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துக்கொண்டு நடக்கப் பழகி, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். எனக்கும் கல்யாணமாகி, அறுபதுகளின் கடைசியில் ஒரு மகன் பிறந்தான். அதற்குள் அந்த மருந்து சொட்டு மருந்தாகத் திருச்சியில் ஒரு குழந்தை டாக்டரிடம் கிடைக்க ஆரம்பித்திருந்தது. கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வந்தோம்.

எப்படியோ சேதி தெரிந்து காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். நன்றாக மூத்துப்போயிருந்தார். காப்பி வேண்டாம் என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, பயல கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் நடை பழகியிருந்த பயல் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தத்தித் தத்திப் போனான். விழுந்தான். எழுந்தான். மறுபடி ஓடினான். அவர் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி விளக்கேற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாரேன் தம்பி" என்று எழுந்து போனார். அதற்கடுத்த மாரிக்காலத்தில் காலமானார்.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். மாடிப்படியில் தடதடவென்று ஓடி இறங்குவான். "மெதுவாப் போடா" என்று என் மனைவி கத்துவாள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை இதுவரை வாயில் வந்ததில்லை.