கொடிமரக் கிராணி

பினாங்குக் கடலில் படகு விட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். காற்றிலேயே உயர்ந்த ரகம், மட்ட ரகம் என்று பிரித்துப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கொடிமரக் கிராணி.

ரப்பர் நல்ல விலைக்குப் போன அந்தக் காலத்தில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நாங்கள் இருவரும் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். என் மேஜைக்கு எதிர்மேஜை அவருடையது. ஆள் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவரிடம் பதினான்கு அடியில் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. அந்த அளவுப் படகுக்கு எல்லாரும் பதினெட்டடிப் பாய்மரம் நடுவார்கள். இவர் இருபத்தாறு அடி கேட்டார். சீனத் தச்சன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு படகுக்கா?" என்று விசாரித்தானாம்.

மரம் நட்டபின் தூரத்திலிருந்து பார்த்தால், ஏதோ கோயில் கொடிமரம் தனியாகக் கடலில் குளிக்க வந்ததுபோல் இருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

"எதுக்கண்ணே இவ்வளவு உயரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, கீழ அடிக்கிறது ஊரே மூச்சு விட்டு மிச்சம் வச்ச காத்து. மேலதான் லா புதுக் காத்து!"

படகைச் சுங்கை பினாங் ஆற்றில் கட்டியிருந்தார். கடலுக்குப் போக ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். மரம் நட்ட சந்தோஷத்தில் பாலத்தை மறந்துவிட்டார். ஆற்றில் நீர் ஏறியிருந்தால் மரம் பாலத்தில் இடித்தது. வற்றியிருந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. மரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நடலாமே என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"குனியச் சொல்லு, கேக்கறேன். தலையைக் கழட்டச் சொல்லாத!"

குனிய வைப்பதற்கு எங்கள் கம்பெனிச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்த மரியசூசை அண்ணன் கிடைத்தார். அவர் நடந்து வந்தால் மூட்டை தூக்குகிறவர்களே ஒதுங்கி நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரை அழைத்துவந்து படகின் ஓர் ஓரத்தில் உட்கார வைத்தால், படகு அப்படியே சாயும். மரமும் மரியாதையாகத் தலை குனிந்து பாலத்துக்கு அடியில் போகும். இதைப் பார்க்கவே பாலத்தின்மேல் கூட்டம் கூடும். கச்சான் கடலை விற்கிறவன் அங்கேயே கடை போட்டான். ஒரு ஞாயிறு நானும் படகில் இருந்தபோது மரியசூசை அண்ணனுக்குத் தும்மல் வந்தது. படகு முழுசாகவே கவிழ்ந்து, மூன்று பேரும் ஆற்றில் விழுந்தோம். கிராணி தலையைத் தூக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "மரம் பாலத்துல பட்டுச்சா?"

இப்போது என் கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் வீடு அக்கரையில், பிறை என்கிற ஊரில். முகூர்த்தம் காலை பத்தரை. முதல்நாளே வீட்டார் எல்லாரும், மரியசூசை அண்ணன் உட்பட, கடல் தாண்டிப் போய்விட்டார்கள். கப்பல் வந்துவிட்டதால் துரை எனக்குக் காலையில்தான் லீவு கொடுத்தார். துணைக்குக் கிராணி. எட்டு மணிக்குப் பட்டு வேட்டியோடு துறைக்குப் போனால், அக்கரைக்குப் போகும் நீராவிப் படகு இயந்திரம் கெட்டு நிற்கிறது. சம்பான் தோணிகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன.

"வா, நம்ம படகு இருக்கு," என்றார் கிராணி. முந்தின ஞாயிறு ஓட்டிவந்து துறையிலேயே கட்டியிருந்தார்.

"காத்தே இல்லையேண்ணே!"

"மேல பாரு."

கடல் எண்ணெய்போல் கிடந்தது. எந்தப் படகிலும் பாய் அசையவில்லை. கிராணியின் மரத்து உச்சியில் கட்டிய சிவப்புத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. பாதிக் கடல்வரை அது இருந்தது.

பாதிக் கடலில் மேல்காற்று கீழேயும் இறங்கி, மழையையும் கூட்டிக்கொண்டு வந்தது. படகு ஒருபக்கம் படுத்தது. பாரத்துக்கு மரியசூசை அண்ணன் இல்லை.

"மாப்பிள்ளை, வெளிய தொங்கு!"

"பட்டு வேட்டிண்ணே!"

"வேட்டி காயும். முகூர்த்தம் காத்திருக்காது!"

தொங்கினேன். ஒவ்வோர் அலையும் என்னைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. அப்போது மரம் அடியிலிருந்து முனகியது. "பாயை இறக்குங்கண்ணே, ஒடஞ்சிடும்!" என்று கத்தினேன்.

"இறக்குனா நீரோட்டம் தெக்கால இழுத்துட்டுப் போயிடும். சாயங்காலம்தான் கரை தட்டுவோம்." கிராணி ஒருதரம் மரத்தை உச்சிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிடிச்சுக்க," என்றார். பாய்க் கயிற்றை இன்னும் இறுக்கினார்.

கரைக்கு ஐம்பது கஜம் இருக்கும்போது மரம் நடுவில் முறிந்து விழுந்தது. வந்த வேகத்திலேயே படகு போய்ச் சேற்றில் செருகி நின்றது. கிராணி மிதந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நட, நட. நேரமாச்சு."

முழங்கால்வரை சேறோடு பந்தலுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து மாமனார், "மாப்பிள்ளை எங்கப்பா?" என்று என்னிடமே கேட்டார். மைத்துனன் வேட்டியை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு பத்து முப்பத்தைந்துக்குத் தாலி கட்டினேன். மரம் முறிந்ததைப் பற்றிக் கிராணி யாரிடமும் மூச்சு விடவில்லை. பாயசம் மட்டும் நான்கு தடவை வாங்கிக் குடித்தார்.

அடுத்த மாதம் தச்சனிடம் இருபத்தெட்டு அடியில் புது மரம் சொன்னார். "பழசு கொஞ்சம் குட்டை. அதான் தாங்கல," என்று எங்களுக்கு விளக்கமும் சொன்னார்.

பிறகு கம்பெனி அவரை ஈப்போ கிளைக்கு மாற்றியது. கடல் கண்ணில் படாத ஊர். அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது: "இங்கே மலை இருக்கிறது, சூடு இருக்கிறது. மற்றபடி சுகம்." எனக்குக் காற்றைப் பற்றி இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவருக்குப் பதில் எழுதும் நாளில், விடிந்ததும் துறைவரை நடந்துபோய், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்து, அதையே முதல் வரியாக எழுதுகிறேன்.