கோணல் நிமிர்த்துகிறவர்

இடது கையின் இரண்டு விரல்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு காரைப் பிடித்திருக்கின்றன. வலது கை, வெந்நீரில் நனைத்த பஞ்சால் அதன் கதவில் ஒட்டியிருக்கும் எண் ஸ்டிக்கரை ஊறவைத்து, இடுக்கியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறது. மூச்சு நின்றிருக்கிறது. வீடு தீப்பற்றினாலும் எண் நேரான பிறகுதான் வெளியே ஓடுவார்.

இவர்தான் தரம் பார்க்கிறவர். பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர் என்று இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருபத்துநான்கு மணி நேரம் விடாமல் ஓடும் பந்தயங்களின் கார்களைச் சின்னஞ்சிறு மாதிரிகளாகச் சேர்க்கும் கிளை.

புதுக் கார் வந்தால் நீங்களும் நானும் பெட்டியைப் பிரித்துக் காரைப் பார்ப்போம். இவர் முதலில் பெட்டியின் மூலைகளைப் பார்ப்பார், பிறகு காரைக் கவிழ்த்து அடித்தட்டின் திருகுகள் ஒரே நிறமா என்று பார்ப்பார், பிறகு கடை லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சக்கரத்தின் ஆரங்கள், பின்பக்க இறக்கைத் தகட்டின் கனம், விளக்குக்குள்ளே பசை வழிந்திருக்கிறதா என்பது வரை துருவி முடித்து, நிமிர்ந்து, "ம்ம்..." என்பார். அந்த "ம்ம்"முக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. கேட்டவருக்கு அன்று சோறு இறங்காது. குறையே இல்லாத கார் வந்துவிட்டால்? அன்று அவருக்குச் சோறு இறங்காது.

இவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள். கடைக்குப் பஸ்ஸில் போகிறார்.

இப்போது கையில் இருப்பது மச்சினன் செய்த கார். மச்சினன் காப்பீட்டு முகவர், வாய் ஓயாதவன். அப்பேர்ப்பட்டவன் நான்கு மாதம் வாயைக் கட்டி உட்கார்ந்து முதன்முதலாகச் செய்தது. மாலையில் கண்காட்சியில் வைக்க வேண்டும். காலையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "மாமா, கண்ணாடி மூடி வாங்கிட்டு வந்துடறேன். பத்திரமா பாத்துக்கங்க" என்று போனான்.

அவன் தலை மறைந்ததும் மனைவி வந்தாள். முன்பு ஒரு தடவை அவன் ஆசையாக வாங்கி வந்த காருக்கு இவர் "ம்ம்" போட்டதில், ஒரு வருடம் அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை.

"இங்க பாருங்க. இந்தத் தடவை நீங்க வாயத் திறந்தீங்க, அப்புறம் நான் என் தம்பி வீட்டுலதான் இருப்பேன். சொல்லிட்டேன்."

வாயைத் திறக்கக் கூடாது. சரி. கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே?

எண் கோணலாக இருந்தது, நிமிர்த்தினார். பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி ஒன்றைக் காணோம், தன் உதிரிப் பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்து ஒட்டினார். முகப்பெல்லாம் புள்ளி புள்ளியாக அழுக்கு, சோப்பு நீர் தொட்டுப் பளிச்சென்று துடைத்தார். பாவம், நாலு பேர் நடுவில் பிள்ளையின் மானம் போயிருக்குமே என்று நெஞ்சு உருகினார். இந்த இனத்தின் பாசம் அப்படி. தோளில் தட்டிக் கொடுக்காது, காலரை இழுத்துச் சரிசெய்யும்.

மச்சினன் மூடியோடு வந்தான். காரைப் பார்த்தான். குனிந்து முகப்பை விரலால் தடவினான்.

"பூச்சி எங்க மாமா?"

"என்ன பூச்சி?"

"மூஞ்சில இருந்த பூச்சி! ஒத்த முடி பிரஷ்ல ஒவ்வொண்ணா வெச்சேனே!"

செல்போனை நீட்டினான். பகலும் இரவும் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டுகிற அசல் காரின் படம். முகப்பில் மோதிச் செத்த பூச்சிகள். எங்கோ இடித்து உடைந்துபோன பக்கக் கண்ணாடி. பாதி ஓட்டத்தில் மாற்றிய கதவில், அவசரத்தில் யாரோ கோணலாக அப்பிய எண். புறப்படும் காரை எல்லாரும் செய்வார்கள். இவன் வந்து சேர்ந்த காரைச் செய்திருந்தான்.

சமையலறை வாசலில் மனைவி நின்றாள். துணிமணி அடுக்குகிற பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசிக்கிற முகம்.

நம்மவர் லென்ஸை வைத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, படத்துல கோணல் இன்னும் கொஞ்சம் அதிகமா இருக்கு. நீ ஒட்டினது இவ்ளோ சாயல."

"மாமா!"

"சரி, சரி. கத்தாத. பிரஷ்ஷ எடு."

ஒட்டிய கண்ணாடியைப் பிய்த்தார். நிமிர்த்திய எண்ணை மறுபடி ஊறவைத்துச் சாய்த்தார். மச்சினன் படத்தைப் பிடித்துக்கொள்ள, துடைத்த பூச்சிகளை ஒவ்வொன்றாக, கால் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மறுபடி சாகவைத்தார்.

சிரிக்காதீர்கள். "சோப்பு நீரில் கரைகிற பூச்சியா? மேலே வார்னிஷ் பூசியிருக்க வேண்டாமா?" என்று சற்றுமுன் உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால், அவர் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

வெயில் சாயும்போது வேலை முடிந்தது. காரை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். மச்சினன் வாங்கி, ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நம்மவர் பிரஷ் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"நல்லா வந்திருக்கா மாப்ள?"